தோற்கத் தெரிந்த கை

அவர் யாருடைய கையையும் தூக்கிவிட்டு நான் பார்த்ததில்லை. பாரிசவாதம் வந்தவர்களின் கைகால்களை மீண்டும் இயங்கவைப்பதுதான் அவருடைய தொழில். இயன்மருத்துவர் என்று அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணை ‘பிசியோப் பிள்ளை’ என்றோம். நோயாளியின் வீட்டுக்கு வருகிற எல்லோரும் தூக்குவார்கள், தாங்குவார்கள், அணைத்துப் பிடித்து நடத்துவார்கள். இவர் மறிப்பார். அம்மாவின் கை மேலே வரப் பார்த்தால் இவருடைய கை அதைக் கீழே இழுக்கும். கால் முன்னே எட்டப் பார்த்தால் தொடையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பின்னே தள்ளுவார். முகத்தில் சிரிப்பு இருக்கும். கை மட்டும் விட்டுக்கொடுக்காது.

அம்மா அரசாங்கக் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். ஒருநாள் காலை வேலைக்குப் புறப்படுகையில், சேலைத் தலைப்பைத் தோளில் போட எடுத்த வலது கை பாதிவழியில் விழுந்துவிட்டது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அம்மா சரிந்து இருந்ததையும் தலைப்பு நிலத்தில் கிடந்ததையும் நான்தான் முதலில் கண்டேன். அப்போது நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அம்மாவுக்குப் பேச்சு மெதுவாகவேனும் வந்தது. வலது கால் இழுபட்டு நடந்தது. வலது கை வரவில்லை. கந்தோரில் மருத்துவ விடுமுறை கொடுத்திருந்தார்கள். அது முடிவதற்குள் கை வராவிட்டால் ஓய்வு பெறுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அப்பா விறாந்தையில் நின்று தொலைபேசியில் யாருக்கோ தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மாவுக்கு அது கேட்டது.

அந்த நிலையில்தான் பிசியோப் பிள்ளை வந்தார். நாடித்துடிப்பைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரித் தாள்களைக் கேட்கவில்லை. கதிரையை இழுத்து அம்மாவின் எதிரே இருந்துகொண்டு முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

“இந்தக் கையால உங்களுக்கு முதல்ல என்ன செய்யோணும் அக்கா?”

அம்மா யோசித்தார். நான் ‘சாப்பிட’ என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

“சாறித் தலைப்பைத் தோளில போடோணும். போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போகோணும்.”

“நல்ல வழியத்தான் கேட்டிரிக்கீங்க” என்றார் அவர். எழுந்து, தன் வலது கையை வலது இடுப்பருகே இறக்கி, அங்கிருந்து குறுக்காக நெஞ்சைக் கடந்து இடது தோளுக்கு மேலே கொண்டுபோய்க் காட்டினார். “நேரா மேல, நேராக் கீழ எண்டு மனுஷர் ஒரு வேலையும் செய்யிறல்ல. சோறு தின்னுறது, தலை வாரி இழுக்கிறது, சாறி போடுறது, எல்லாம் குறுக்காலதான். நரம்புக்கும் அந்தப் பாதைதான் தெரியும்.”

அவர் மூதூரைச் சேர்ந்தவர். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் வேலை செய்துவிட்டுப் பின்னேரங்களில் வீடுகளுக்குப் போவார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் வீடு இருந்த ஓர்ஸ் ஹில் ஏற்றத்துக்கு ஓட்டோ பிடிக்கமாட்டார். நடந்தே ஏறி வந்து, வாசலில் மூச்சு வாங்கி, கறுப்பு அபாயாவின் கைகளை முழங்கைவரை மடித்து, மடிப்பு இறங்காமல் இறப்பர் வளையம் போட்டுக்கொள்வார். ஒரு தரம் அவருடைய பையை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். தந்தார், ஆனால் ஒரு பக்கத்துப் பிடியை விடவில்லை. நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். படியின் நடுவே இருவரும் நின்றோம்.

“பரவாயில்ல, உனக்கு நல்ல பலம் இரிக்கு” என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

அது விளையாட்டு அல்ல என்று பிறகு விளங்கியது. உலகத்தை அவர் அப்படித்தான் தொட்டார். தன் மகள் சைக்கிள் பழகிய கதையை ஒருநாள் சொன்னார். எல்லோரும் பின்னாலிருந்து தள்ளிவிடுவார்களாம்; இவர் கரியரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாராம். “அவள் கோபத்தில மிதிச்ச மிதியில சைக்கிள் பள்ளிவாசல் சந்திக்குப் போயிட்டு. நான் ரோட்டில விழுந்து கிடக்கிறன்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “உம்மட மனுஷன் பாவம்.”

“அவரையும் இப்பிடித்தான் பிடிச்சிழுத்த. அதான் கட்டார்ல போய் நிக்கிறார்.”

எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் நால்வர் இருந்தோம்: அம்மா, அப்பா, நான், மாமி. மாமி அப்பாவின் அக்கா. தம்பியின் மனைவி விழுந்துவிட்டார் என்று கேட்டதும் திரியாயில் தன் வீட்டையும் மாடுகளையும் அயலவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு பையுடன் வந்து இறங்கியவர். அம்மாவைக் குளிப்பாட்டினார், தலை பின்னினார், சோற்றைக் குழைத்து ஊட்டினார், சேலை வேண்டாம் என்று தைத்த கவுண்களைப் போட்டுவிட்டார். ஒரு நாளேனும் முகம் சுளித்ததில்லை. மாமியின் அன்பில் குறை சொல்ல எவருக்கும் எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் எல்லாம் அவ்வளவு கடினமாயிற்று.

முதல் வாரத்திலேயே இருவருக்கும் பிணக்கு வந்தது. பிசியோப் பிள்ளை கட்டிலை இழுத்து அறையின் நடுவே கோணலாகப் போட்டார். கையின் பாதையோடு கண்ணும் போகவேண்டும், கண் போனால் தலை திரும்பும், தலை திரும்பினால் உடம்பு உதவிக்கு வரும் என்பது அவருடைய கணக்கு. கை போய்ச் சேரவேண்டிய இடது மேற்பக்கத்தில் யன்னல் வரும்படி கட்டிலைத் திருப்பினார். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தின் ஒரு துண்டுத் தண்ணீரும், கோதுமை மா ஆலைக்கு வந்து காத்துநிற்கும் கப்பலும் தெரியும்.

“கையைப் பாருங்க. கை போற இடத்தப் பாருங்க. கப்பல்ல போய் ஏறுங்க” என்பார்.

மாமி கதவருகே நின்று பார்த்துவிட்டு, “செத்த வீட்டுக்குக் கட்டில் போட்ட மாதிரிக் கிடக்கு” என்றார். மறுநாள் கட்டில் சுவரோரம் திரும்பிவிட்டது. அவர் வந்து மறுபடி கோணலாக்கினார். இப்படியே அந்தக் கட்டில் பல நாட்கள் போய்வந்தது. தரையில் கால்கள் உரசிய தடம் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த பிணக்கு, அவர் ஏலாத கையை விட்டுவிட்டு ஏலுமான கையோடு மல்லுக்கட்டியதில் வந்தது. அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க” என்று முழுப் பலத்துடன் எதிர்த்து நின்றார். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

“சுகமான கையை என்னத்துக்குப் பிள்ளை போட்டு வருத்திறீர்?” என்றார் மாமி. “வருத்தக் கை அங்கால கிடக்குது.”

“அந்தப் பக்கம் பாருங்க பெரியக்கா.”

பார்த்தோம். படுக்கைவிரிப்பின் மேல் செத்ததுபோலக் கிடந்த வலது கையில், எவரும் தொடாமல், விரல்கள் மெல்ல உள்ளே மடிந்துகொண்டிருந்தன. இடது கை இழுக்க இழுக்க வலது விரல்கள் மடிந்தன. இடது கை விட்டபோது அவையும் விட்டன. பலமான இடத்தில் வேலையைக் கூட்டினால் அது நிரம்பிப் பலமில்லாத இடத்துக்கு வழியும் என்று அவர் விளக்கினார். அம்மா அதைக் கேட்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி சாமியறைக்குப் போய்த் திருநீறு எடுத்துவந்து அந்த விரல்களில் பூசினார்.

அதன் பிறகு பிசியோப் பிள்ளை வலது கையைத் தொடத் தொடங்கினார். அவர் தொடுவதற்கு ஒரு முறை இருந்தது. இன்று எழுதும்போது அதைத்தான் மிகத் துல்லியமாக நினைவுகூர முடிகிறது. கையைச் சுற்றிப் பிடிக்கமாட்டார். இரண்டு பக்கமும் தொட்டால் எந்தப் பக்கம் போவது என்று கைக்குக் குழம்பும் என்பார். கை போகவேண்டிய திசையில் மட்டுமே தொடுகை. எனவே தன் விரல்களை அம்மாவின் உள்ளங்கைக்குள் வைப்பார். பிறகு, போகவேண்டிய திசைக்கு எதிராக, ஒரு சின்ன வெட்டு இழுப்பு. நித்திரையில் இருப்பவரைத் தோளில் தட்டுவது போல. அந்தக் கணத்திலேயே, முந்தியும் அல்ல பிந்தியும் அல்ல, “இழுங்க” என்ற சொல் வரும். அம்மாவின் விரல்கள் மூடும். கை புறப்படும். அவர் மறிப்பார். கை நிற்காத அளவுக்கு மறிப்பார். அம்மாவிடம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு ஒரு மயிரிழை குறைவாக அவருடைய எதிர்ப்பு இருக்கும். அதைக் கண்ணால் பார்த்து அளப்பதில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது. முழு உடம்பும் அந்தக் குறுக்குக் கோட்டில் சாய்ந்து, அம்மாவின் கையுடன் சேர்ந்து பின்வாங்கும். கடைசியில் ஒவ்வொரு தரமும் அவர் தோற்பார். தோற்ற முகம் மலர்ந்திருக்கும்.

“நீர் வேணுமெண்டு விடுறீர்” என்றார் அம்மா ஒருநாள், மூச்சு வாங்கியபடி.

“விடல்ல அக்கா. நீங்க வெண்டீங்க. நான் தோக்கிறதுக்குத்தான் பஸ் ஏறி வாறன். ஆனா சும்மா தோக்கமாட்டன்.”

நோவு என்பது அவருடைய முறையில் இல்லை. “எங்கயாவது நொந்தா உடனே சொல்லுங்க. நொந்தா நான் பிழையாச் செய்யிறன்” என்று ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் சொல்வார். அம்மாவுக்கு நோகவில்லை. களைத்தது, வியர்த்தது, கோபம் வந்தது.

கை வயிற்றைக் கடந்தது. சில வாரங்களில் நெஞ்சைத் தொட்டது. விடுமுறை முடிய இன்னும் காலம் இருந்தது. அவர் ஒரு பழைய நூல்சேலையை எடுத்துவரச் சொல்லி, தலைப்பை அம்மாவின் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். அம்மா இழுத்தார், அவர் மறித்தார். சேலை இருவருக்கும் நடுவே விறைத்து நின்றது.

சிக்கல் மற்ற நேரங்களில் இருந்தது. அவர் அறையில் நிற்கும்வரை அம்மாவின் கைக்கு வேலை இருந்தது, போனபின் இருக்கவில்லை. தண்ணீர்க் குவளையை அம்மாவின் வலப்பக்கம் வைத்துவிட்டுப் போவார். அவர் படி இறங்குமுன்னரே மாமி அதை எடுத்து அம்மாவின் வாயருகே பிடித்திருப்பார்.

“அவ தானா எடுக்கட்டும் பெரியக்கா.”

“நான் ஒருத்தி இருக்கேக்க அவ ஏன் கஷ்டப்படவேணும்?”

“நீங்க இருக்கிறபடியாத்தான் கஷ்டப்படோணும் எண்டு சொல்றன்.”

மாமிக்கு அது நெஞ்சில் தைத்தது. அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. கை நெஞ்சைத் தாண்டியிருந்தது. தோளுக்கு ஒரு சாண் இருக்கும். அம்மா பல்லைக் கடித்து இழுத்தார். கண்களிலிருந்து நீர் வழிந்தது. “இழுங்க, இழுங்க” என்ற குரல் அன்று உயர்ந்து, விறாந்தைக்கும் கேட்டிருக்கவேண்டும். மாமி உள்ளே வந்தார். அவர் கண்டது இதுதான்: கட்டிலின் மேல் அழுதுகொண்டிருக்கும் ஒரு நோயாளி, மேலே வரத் துடிக்கும் அவருடைய கை, அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் இன்னொரு கை.

“விடும். கையை விடும் பிள்ளை.”

அவர் உடனே விட்டார். கை மடியில் விழுந்தது.

“நோகுதாம்மா? சொல்லு, நோகுதா?” என்று மாமி அம்மாவின் கன்னத்தைத் துடைத்தார். அம்மாவுக்குப் பேச மூச்சு இல்லை. களைத்தால் கதை வராது. அது அந்த நோயின் இயல்பு. மாமி அந்த மௌனத்தை ஓம், நோகுது என்று எடுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னார்: “தம்பி, கை வாறதும் வராததும் ஆண்டவன்ர செயல். ஆனா ஒரு மனிசியைக் கட்டிலில வைச்சு அழப்பண்ணுறதை என்னால பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. அவ வாறதெண்டால் நான் திரியாய்க்குப் போறன்.”

அப்பா கெட்டவர் அல்ல. அம்மாவின் கண்ணீரைப் பார்க்க அவருக்கும் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை வரவேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அடுத்த நாள் அவர் வந்தபோது வழக்கத்துக்கு மாறாக முதலில் தேத்தண்ணி வந்தது, பயிற்றம்பணியாரம் வந்தது, ஒரு பை நிறைய மாம்பழம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. கட்டில் சுவரோரம் இருந்தது. அவர் பையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அபாயாவின் கைகளை மடிக்கவில்லை.

“கொஞ்ச நாளைக்கு அவ ஓய்வா இருக்கட்டும் எண்டு யோசிக்கிறம்” என்றார் அப்பா. “நீங்கள் செய்தது பெரிய உதவி. மறக்கமாட்டம். பிறகு தேவையெண்டால் நாங்கள் போன் எடுத்துச் சொல்லுவம்.”

நான் அவர் மறிப்பார் என்று காத்திருந்தேன். கட்டிலை, குவளையை, பையின் ஒரு பிடியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர். தோளுக்கு ஒரு சாண்தான் இருக்கிறது என்று சொல்வார். நோகவில்லை என்று சொல்வார். அப்பாவுடனும் மாமியுடனும் வாதாடுவார். எனக்கு அந்த வாதம் வேண்டியிருந்தது.

அவர் எழுந்து அம்மாவின் அருகே போய் இருந்தார். தன் விரல்களை அம்மாவின் வலது உள்ளங்கைக்குள் வைத்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க அக்கா?”

அந்தச் சின்ன வெட்டு இழுப்பை நான் கண்டேன். வேறு எவரும் கண்டிருக்கமாட்டார்கள். யன்னலுக்கு வெளியே வேலியடியில், ஊருக்குள் திரிகிற புள்ளிமானொன்று கொட்டிக்கிடந்த வாழைத்தோலைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தார். கதவருகே மாமி நின்றார், கையில் அம்மாவுக்குக் குளிக்கச் சூடாக்கிய வெந்நீருடன்.

“இவையள் சொல்றது சரிதான்” என்றார் அம்மா.

விரல்கள் மூடவில்லை. அவர் இன்னும் சிறிது நேரம் தன் கையை அங்கே வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டு, “ஓம்” என்றார்.

மாம்பழப் பையை மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு நான் இறக்கத்தில் பின்னால் ஓடினேன். சந்திக்கு வருமுன் பிடித்துவிட்டேன்.

“நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்ல?” என்று கேட்டேன். எவரிடமும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாதவள். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் பையை வாங்கினார். இம்முறை இழுக்கவில்லை.

“மத்தக் கை இழுத்தாத்தான் தங்கச்சி நான் மறிக்கலாம். இழுக்காத கையை மறிச்சா அது அமத்துறது. அதைச் செய்ய எனக்கு ஏலா.”

மாமி அதன் பின் ஒன்றரை வருடம் எங்களுடன் இருந்தார். குறையின்றிப் பார்த்தார். அம்மாவின் கை முதலில் நெஞ்சை விட்டது, பிறகு வயிற்றை விட்டது, பிறகு மடியில் இருந்துகொண்டது. விடுமுறை முடிந்தது. கந்தோரிலிருந்து சகாக்கள் வந்து பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா கவுணின் மேலே அதைப் போர்த்தபடி படத்துக்கு இருந்தார்.

ஏன் அன்று அப்படிச் சொன்னார் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. கேட்காமலே ஒருமுறை வேறெதையோ பேசும்போது சொன்னார்: “மச்சாள் தன்ர மாடு கண்டை விட்டிட்டு வந்தவ. எனக்கு மலசலம் எடுத்தவ. அந்த மனிசியைப் போ எண்டு நான் என்ன வாயால சொல்றது?” மாமி இல்லாமல் அந்த மாதங்களை நாங்கள் கடந்திருக்கமாட்டோம் என்பதும் உண்மை. மாமி இருந்ததால் அந்த ஒரு சாண் கடக்கப்படவில்லை என்பதும் உண்மை.

நான் பல்கலைக்கழகம் போனபின், மூதூரிலிருந்து படிக்க வந்த தோழி ஒருத்தியிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். மகளையும் கூட்டிக்கொண்டு கணவரிடம் கட்டாருக்குப் போய்விட்டாராம். அங்கும் அதே வேலைதானாம். யாரோ ஒருவருடைய கைக்கு எதிரே அவர் இப்போதும் சாய்ந்து நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற விடுமுறையில் உறவினர் ஒருவரின் கலியாணத்துக்கு அம்மா வரவேண்டியிருந்தது. கவுணோடு வரமாட்டேன் என்றார். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி நான் சேலை உடுத்திவிட்டேன். கொசுவம் மடித்துச் செருகித் தலைப்பை எடுத்தபோது, என்ன நினைத்தேனோ, அதை அம்மாவின் வலது கையில் வைத்தேன். என் விரல்களையும் அந்த உள்ளங்கைக்குள் வைத்தேன். ஒரு சின்ன வெட்டு இழுப்பு.

“இழுங்கோ அம்மா.”

கண்ணாடியில் அம்மா என்னைப் பார்த்தார். விரல்கள் மெல்ல மூடின. அவ்வளவு காலத்துக்குப் பிறகும் மூடின. கை இடுப்பிலிருந்து புறப்பட்டது. நான் மறித்தேன். அது வயிற்றுக்கு வந்தது; அங்கே நடுங்கியது. மறிக்க எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. இப்போது விடவேண்டுமா, இன்னும் கொஞ்சம் பிடிக்கவேண்டுமா, விட்டால் விழுமா, பிடித்தால் நின்றுவிடுமா என்று என் விரல்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் நெற்றி வியர்த்தது. நான் பிடித்தபடியே நின்றேன்.

“அவ எண்டால் இந்நேரம் விட்டிருப்பா” என்றார் அம்மா.

பிசியோப் பிள்ளை போனபின் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் அம்மா பேசியது அந்த ஒரு தரம்தான். விரல்கள் திறந்தன, கை கீழே போயிற்று. நான் தலைப்பை எடுத்துக் குறுக்காக நெஞ்சைக் கடத்தி, இடது தோளில் போட்டு, ஊசி குத்திவிட்டேன்.